சூட்டோடு லேப்டாப்பை அணைக்கலாமா? பிரிக்ஃபீல்ட்ஸ் மாடிக் கடையில் கிடைத்த பதிலும் 120 வெள்ளி சர்வீஸும்

கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்களுக்குத் தெரியும், ராத்திரி ஒரு மணிக்கு ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றும் வேலை) முடியும்போது லேப்டாப் தோசைக்கல் மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் நேராக ஷட் டவுன் கொடுத்துவிட்டுப் படுக்கப் போகலாமா, இல்லை கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு, ஆறின பிறகு அணைக்க வேண்டுமா? நான் மூன்று வருஷமாக ஆறவிட்டுத்தான் அணைத்துக்கொண்டிருந்தேன். பதினைந்து நிமிஷம், சில நாள் இருபது. கண் சொக்கிக்கொண்டு வரும், ஆனாலும் ஃபேன் சத்தம் அடங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். போன மாசம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சின்ன ரிப்பேர் கடையில் சர்வீசுக்குக் கொடுத்தபோதுதான் இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடைத்தது. என்னைப் போல எத்தனை பேர் இப்படித் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ என்று தோன்றியது, அதனால்தான் ரிவியூவோடு சேர்த்து அதையும் எழுதுகிறேன்.

கடைப் பெயரைப் போடவில்லை. கடைக்கார அண்ணனே கேட்டுக்கொண்டார், "இருக்கிற வேலைக்கே கை பத்தவில்லை தங்கச்சி, நெட்டில் பேரைப் போட்டுவிடாதே" என்று. துன் சம்பந்தன் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவரிசை, முதல் மாடி, உள்ளே இரண்டு மேசை, ஒரு அண்ணன், உதவிக்கு ஒரு தம்பி. அவ்வளவுதான் கடை.

இந்த ஆறவிடும் பழக்கம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டினார், கோலாலம்பூருக்கும் குவாந்தானுக்கும். பள்ளி விடுமுறையில் என்னையும் ஏற்றிக்கொண்டு போவார். திரும்பி வரும்போது பெந்தோங் தாண்டி, முழுச் சுமையோடு மேட்டில் முக்கி முக்கி ஏறி, கெந்திங் செம்பாவில் வண்டியை நிறுத்தினார் என்றால் உடனே சாவியைத் திருப்ப மாட்டார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்ஜினை மூன்று நான்கு நிமிஷம் சும்மா ஓடவிடுவார். எனக்கோ இறங்கி ஓட வேண்டும், பசி. "இரும்மா, டர்போ இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு, எண்ணெய் ஓடட்டும்" என்பார். டர்போ என்பது இன்ஜினுக்குக் கூடுதல் காற்றைத் தள்ளும் பாகம். சூடான எந்த மெஷினையும் சட்டென்று அணைக்கக் கூடாது என்பது அப்படியே மனதில் உட்கார்ந்துவிட்டது. பிறகு வீடியோ வேலைக்கு வந்தபோது மண்டபத்து ப்ரொஜெக்டர் வேறு அதையே சொல்லிக் கொடுத்தது: பழைய பல்பு ப்ரொஜெக்டரை அணைத்தாலும் அதன் ஃபேன் ஒன்றிரண்டு நிமிஷம் ஓடும், அது நிற்பதற்குள் பிளக்கைப் பிடுங்கினால் மண்டபத்துக்காரர் கத்துவார். லாரிக்கும் அப்படி, ப்ரொஜெக்டருக்கும் அப்படி என்றால் லேப்டாப்புக்கும் அப்படித்தானே இருக்கும்?

இந்த வருஷம் ஆரம்பத்தில் லேப்டாப் ரெண்டர் நடுவிலேயே தானாக அணைய ஆரம்பித்தது. முதலில் நான் போனது இந்தக் கடைக்கு இல்லை, நகரத்துக்குள் வேறு ஒரு இடம். அங்கே பத்து நிமிஷம் பார்த்தார்கள், பின்மூடியைக் கழற்றக்கூட இல்லை. சூட்டோடு அணைத்து அணைத்து போர்டு (உள்ளே எல்லாப் பாகமும் பொருத்தியிருக்கும் பலகை) போய்விட்டது, மாற்ற 1,450 வெள்ளி ஆகும் என்றார்கள். நான் ஒரு நாளும் அப்படி அணைத்ததில்லை, ஆறவிட்டுத்தான் அணைப்பேன் என்றேன். "அப்போ நீங்க விட்ட டைம் பத்தலை" என்று பதில் வந்தது. மூன்று வருஷம் தூக்கத்தைவிட்டுப் பார்த்துக்கொண்ட பொருளுக்கு, என்மேலேயே பழி. அன்று வீட்டுக்கு வரும்வரை எனக்கு மனசே சரியில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் அண்ணன் வேறு மாதிரி. முதலில் கேட்டது, "எந்த ரூமில் வைத்து வேலை செய்கிறாய்?" இரண்டாவது, "மேசையா, மெத்தையா?" மேசைதான், ஆனால் அதே அறையில்தான் சாமி மாடமும் இருக்கிறது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம் லேப்டாப்பைப் போட்டு, சூட்டைக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைத் திறந்து (எச்டபிள்யூ இன்ஃபோ, நீங்களும் இறக்கிக்கொள்ளலாம்), லேப்டாப்பின் மூளையான சிப்புக்கு முழு வேலை கொடுக்கும் டெஸ்ட்டை ஓடவிட்டார். 88, 93, 97 என்று ஏறி 99-ல் நின்றது. கூடவே வேகம் 3.9 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.6-க்கு இறங்கியது. இன்டெல் லேப்டாப் சிப்புகள் பெரும்பாலானவற்றுக்கு 100 டிகிரிதான் எல்லை. அதை நெருங்கும்போது சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் மீறிப் போனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மொத்தமாக அணைந்துவிடும். என் லேப்டாப் அணைந்ததற்குக் காரணம் இதுதான், போர்டு இல்லை.

அதற்கப்புறம் செய்ததுதான் இந்தப் பதிவுக்கே காரணம். "இப்போ டெஸ்ட்டை நிறுத்தப் போகிறேன், நீ எண்ணு" என்றார். நிறுத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன், ஐந்து வருவதற்குள் எண் 68-க்கு வந்துவிட்டது. பத்தில் 61. "நீ பதினைந்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த வேலையை அது பத்து விநாடியில் முடித்துவிட்டது பார்த்தாயா? ஷட் டவுன் அமுக்கினால் விண்டோஸ் மூடுவதற்கே அதைவிட அதிக நேரம் ஆகும், அதுவரை ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருக்கும்." நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வருஷம்!

ஆனாலும் நான் விடவில்லை. அணைத்த பிறகு கீபோர்டைத் தொட்டால் முன்பைவிட அதிகமாகச் சுடுகிறதே, அது எப்படி என்று கேட்டேன். அதையும் செய்தே காட்டினார். மறுபடி 99 வரை ஏற்றி, அப்படியே அணைத்து, என் கையை எடுத்து கீபோர்டுக்கு மேலே வைக்கச் சொன்னார். ஒரு நிமிஷத்தில் சூடு மேலே வந்தது. அது புதுச் சூடு இல்லை, செம்புக் குழாயிலும் தகட்டிலும் ஏற்கெனவே இருந்தது. ஃபேன் தள்ளிக்கொண்டிருந்தவரை பின்பக்கத் துளை வழியாகப் போனது, ஃபேன் நின்றதும் மெதுவாக மூடிக்குப் பரவுகிறது. நம் கை அதை உணர்கிறது, அவ்வளவுதான். மின்சாரம் நின்ற அந்தக் கணமே சிப்பில் சூடு உண்டாவதும் நின்றுவிடுகிறது. லேப்டாப்பில் எல்லாவற்றையும்விடச் சூடான இடம் அந்தச் சிப்தான். சூடு எப்போதும் அதிகமான இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத்தான் போகும். அப்படியிருக்க, அணைத்த பிறகு அதற்குச் சூட்டைத் திருப்பிக் கொடுக்க அதைவிடச் சூடான பாகம் உள்ளே எதுவும் கிடையாது.

லாரி டர்போவில் நிலைமை நேர் எதிர். ஒரு பக்கம் புகை போகிற சக்கரம், பல நூறு டிகிரியில். அதை ஒட்டியே அச்சைத் தாங்கும் பேரிங், அது தாங்குவது எண்ணெய் ஓடிக்கொண்டே இருப்பதால். இன்ஜினை அணைத்தால் எண்ணெய் நிற்கும், ஆனால் பக்கத்து இரும்பிலிருந்து சூடு பேரிங்குக்குள் வந்துகொண்டே இருக்கும், அங்கே தேங்கிய எண்ணெய் கருகிக் கரியாகப் படியும். அதனால் அப்பா செய்தது நூற்றுக்கு நூறு சரி. ப்ரொஜெக்டர் பல்புக்கு ஃபேன் ஓடுவதும் சரி. லேப்டாப்புக்கு அந்தக் காரணம் பொருந்தவே இல்லை. இதை வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்போ லாரிக்கு?" என்றார். "லாரிக்கு நீங்க சொன்னதுதான் சரிப்பா" என்றேன். சந்தோஷமாகக் கோப்பியை எடுத்துக்கொண்டார்.

போர்டில் ஈயம் வைத்து ஒட்டின இடங்கள் சூடாகி ஆறி விரிசல் விடும் என்பார்களே, அதையும் கேட்டேன். அது உண்மை. எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டி உலகம் முழுக்கப் பழுதானபோது, 2007-ல் மைக்ரோசாஃப்ட் வாரண்டியை நீட்டி, அதற்கு நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டியிருந்தது. சூடேறி ஆறி, சூடேறி ஆறி உள்ளே இணைப்புகள் விட்டுப்போனதுதான் காரணம். அண்ணன் அந்தக் காலத்தில் அந்தப் பெட்டிகளை நிறைய திறந்திருக்கிறாராம். ஆனால் அங்கே கணக்கு, உச்சத்தில் எவ்வளவு சூடு, எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்பதுதான். நான் பதினைந்து நிமிஷம் காத்திருந்தாலும் கடைசியில் அது அறைச் சூட்டுக்குத்தான் இறங்கப் போகிறது, ஏற்ற இறக்கம் ஒன்றும் மாறவில்லை. போர்டில் இருக்கும் கப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேமித்து விடும் சின்னப் பாகம்) போன்றவற்றுக்கு வேறு ஒரு கணக்கு: வேலை செய்யும் சூடு பத்து டிகிரி கூடினால் ஆயுசு ஏறக்குறைய பாதியாகும். ஆக, அணைக்கும் விதத்தில் ஒன்றுமில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது எத்தனை மணி நேரம், எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அப்புறம் மூடியைக் கழற்றினார், என் கண் முன்னாலேயே. ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துணி வெட்டி வைத்த மாதிரி ஒரு பட்டை. டூத்பிக் நுனியால் நெம்பினதும் ஒரே துண்டாக வந்தது, என் சுண்டு விரல் நீளம், சாம்பல் நிறம், அதற்குள் என் தலைமுடி ஒன்று சுருண்டு கிடந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ஊதுபத்தி வாசனை. அதைத்தான் முதல் கேள்வியிலேயே கண்டுபிடித்திருக்கிறார் மனிதர். இந்தப் பட்டை இருக்கும்வரை காற்று எங்கே வெளியே போகும்? சிப்பின் சூட்டைச் செம்புக்குக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட், பழையது, காய்ந்து, சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது.

சும்மா அணைப்பதில் பயமே வேண்டாமா என்றால், பயப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது என்றார். அது பை. இதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் போன வருஷம் பத்துமலை பக்கம் ஒரு கல்யாணத்துக்கு அவசரமாகக் கிளம்பி, மூடியை மட்டும் மூடி, முதுகுப் பையில் திணித்துக்கொண்டு கேஎல் சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயில் ஏறினேன். இறங்கும்போது முதுகில் இஸ்திரிப் பெட்டி வைத்த மாதிரி. பையைத் திறந்தால் ஃபேன் அலறிக்கொண்டிருக்கிறது, பேட்டரி 96 சதவீதத்திலிருந்து 31. மூடியை மூடினால் அணைந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம், அது தூங்குகிறது, அவ்வளவுதான். இப்போது வரும் விண்டோஸ் லேப்டாப்புகள் பலவற்றில் அந்தத் தூக்கமும் அரைத் தூக்கம்தான், அப்டேட்டுக்கோ வேறு எதற்கோ நடுவில் விழித்துக்கொள்ளும், பைக்குள் காற்றுப் போக வழியில்லை, சூடு உள்ளேயே தேங்கி ஏறிக்கொண்டே போகும். லித்தியம் பேட்டரிக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை, உப்பிப்போய் டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வரும். கடையில் அப்படி உப்பின பேட்டரி ஒன்றைத் தனியாக ஒரு தகர டப்பாவில் மணல் போட்டு வைத்திருந்தார், தலையணை மாதிரி இருந்தது. அதனால் பையில் போடும் முன் முழுசாக அணையுங்கள், இல்லையென்றால் மூடியை மூடினால் ஹைபர்னேட் (திறந்திருப்பதை டிஸ்கில் சேமித்துவிட்டு அணைவது) ஆகும்படி செட்டிங்கில் மாற்றிக்கொள்ளுங்கள். பவர் விளக்கு அணைந்ததைக் கண்ணால் பாருங்கள். நான் இப்போது விளக்கைப் பார்க்காமல் ஜிப் போடுவதில்லை.

இன்னொன்று, ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக மூடுவதில்லை. 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று இருக்கிறது, உள்ளே கொஞ்சத்தை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு அடுத்த தடவை அங்கிருந்து எழும். மின்சாரம் போய்விடும், சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஏதாவது மக்கர் செய்தால் ஷிஃப்ட்டை அமுக்கிக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள், அதுதான் முழு அணைப்பு. ரீஸ்டார்ட்டும் அப்படியே.

காத்திருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு, அது அணைத்த பிறகு. நான் படங்களை வைத்திருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க் பழைய சுற்றும் வகை. வயரைப் பிடுங்கினதும் உள்ளே தட்டு இன்னும் சில விநாடி சுற்றும், அந்த நேரத்தில் தூக்கிப் பையில் போடாமல், சத்தம் அடங்கட்டும்.

நம் ஊருக்கென்று ஒன்று இருக்கிறது, அதை நான்தான் அண்ணனுக்குச் சொன்னேன், அவர் ஆமாம் என்றார். மண்டபத்தில் ஏர்கானை 18-ல் வைத்திருப்பார்கள். பெண் மாப்பிள்ளையை வழியனுப்ப வெளியே வருவார்கள், நான் கேமராவோடு பின்னாலேயே ஓடுவேன், வாசலைத் தாண்டினதும் லென்ஸ் முழுக்க மூடுபனி. துடைத்தாலும் போகாது. இங்கே வெளிக்காற்றில் அவ்வளவு ஈரம், 24 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதன்மேலும் தண்ணீர் கோத்துவிடும். லேப்டாப்புக்கும் அதேதான். நன்றாகக் குளிர்ந்த லேப்டாப்பை வெளியே கொண்டுவந்து உடனே போடுவதைவிட, வெதுவெதுப்பாக இருக்கும் லேப்டாப் நமக்குப் பாதுகாப்பு. குளிர்ந்த இடத்திலிருந்து வந்தால் அரை மணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும், அப்புறம் திறந்து போடலாம்.

அதே மாதிரி மதியத்துக்கு மேல் இடி இடிக்கும்போது சூடாக இருக்கிறதா ஆறிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், இன்டர்நெட் வயர் சுவரிலிருந்து வந்தால் அதையும். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரே மழையில் மூன்று வீட்டு மோடம் போயிருக்கிறது.

சரி, கடைக்கு வருகிறேன். தூசி எடுத்து, இரண்டு ஃபேனையும் கழற்றித் துடைத்து, புது பேஸ்ட் போட்டு, கூலி பேஸ்ட் எல்லாம் சேர்த்து 120 வெள்ளி. தெர்மல் பேட் (சூட்டைக் கடத்தும் மெத்தென்ற துண்டு) மாற்ற வேண்டுமா என்று பார்த்துவிட்டு, இன்னும் நன்றாக இருக்கிறது, காசை வீணாக்காதே என்று பழையதையே வைத்தார். முடிந்ததும் அதே டெஸ்ட்: 84 டிகிரி, வேகம் 3.5-க்குக் கீழே இறங்கவில்லை. வீட்டில் நாற்பது நிமிஷ ரிசப்ஷன் வீடியோ ஒன்றை ரெண்டர் போட்டேன். முன்பு ஒரு மணி பத்து நிமிஷம் எடுத்தது, இப்போது 52 நிமிஷம். நடுவில் ஒரு தடவைகூட அணையவில்லை. கூலிங் பேட் (லேப்டாப்புக்கு அடியில் வைக்கும் ஃபேன் பலகை) வாங்கலாமா என்று கேட்டேன், தன் கடையிலேயே மூன்று தொங்கவிட்டிருந்தும், பின்பக்கம் இரண்டு புத்தகம் வைத்துத் தூக்கிவிட்டால் முதலில் போதும், அடியில் காற்றுப் போனால் சரி என்றார். விற்கிறவர் அப்படிச் சொன்னது எனக்குப் பெரிய விஷயம்.

குறையும் உண்டு. ஒரே நாளில் தருகிறேன் என்றவர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். தாமதமாகும் என்று ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கலாம், நான் சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு நண்பரின் மெஷினைக் கடன் வாங்க வேண்டியிருந்தது. ரசீது கையால் எழுதின துண்டுச் சீட்டுதான், உத்தரவாதம் ஒரு மாசம் என்று வாயால் சொல்கிறார், சீட்டில் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால் எழுதித் தருகிறார். கார்டு கிடையாது, ரொக்கம் அல்லது டூயிட்நவ் (ஃபோனில் வங்கி வழியாகப் பணம் அனுப்புவது). காடியில் போகிறவர்கள் பார்க்கிங்குக்கு அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள், கேஎல் சென்ட்ரலிலிருந்து நடப்பதே சுலபம்.

மதியம் ஒன்றிலிருந்து இரண்டரை வரை சாப்பாட்டுக்கு மூடிவிடுவார்கள், ஞாயிறு விடுமுறை. மாடிப்படி ரொம்பச் செங்குத்து, பெரிய சிபியு தூக்கிக்கொண்டு போகிறவர்கள் கீழே நின்று ஒரு குரல் கொடுத்தால் தம்பி இறங்கி வந்து வாங்கிக்கொள்வான்.